நம் மூத்த சகோதரர் வீடு



தவக்காலம் வந்தால் கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் சிலுவைப்பாதையும் பாஸ்கா நாடகமும் பேச்சில் வரும். அப்போது ஒரு சிறுவன் கேட்பான்: "இயேசுவைக் கொன்றது யூதர்கள்தானே?" யோசிக்காமல் "ஆமாம்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல் உலகில் எத்தனை வீடுகளை எரித்திருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் நடந்ததையே கேளுங்கள். கொடுங்கல்லூர் யூதர்கள் 16-ஆம் நூற்றாண்டில் துரத்தப்பட்டுக் கொச்சிக்கு வந்தார்கள். கொச்சி அரசர் தம் அரண்மனையை அடுத்தே இடம் கொடுத்தார். 1568-இல் மட்டாஞ்சேரியில் தொழுகைக்கூடம் எழுந்தது. 1662-இல் போர்த்துக்கீசியர் அதைச் சேதப்படுத்தினார்கள். அடைக்கலம் தந்தவர் இந்து அரசர். சேதப்படுத்தியவர்கள் நம் மறையைச் சேர்ந்தவர்கள். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம். யூதர்களோ அதைச் செப்பனிட்டு மறுபடியும் செபித்தார்கள். அக்கூடம் இன்றும் நிற்கிறது.

2008 நவம்பர் 26-ஆம் நாள் மும்பை நரிமன் இல்லத்தில் தீவிரவாதிகள் புகுந்தார்கள். ராபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் கொல்லப்பட்டார்கள். அவர்கள் குழந்தை மோஷேயை வளர்த்த சாண்ட்ரா சாமுவேல் யூதர் அல்லர். ஒளிந்திருந்த அவர், மறுநாள் காலை குழந்தையின் அழுகுரல் கேட்டு மாடியேறிப் போய், அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். பிறகு அவனோடு இஸ்ரயேலுக்கே போனார்.

அச்சமூகத்தார் அந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடவில்லை. 2014-இல் இல்லம் மீண்டும் திறந்தது. 2018-இல் மோஷே அங்கு வந்து நின்றான். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத் தொழுகைக்கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஓய்வுநாளில் பல ஊர் யூதத் தலைவர்கள் பிற சமயத்தாரையும் தங்கள் தொழுகைக்கு அழைத்தார்கள். வாசலில் காவல் போடுகிறார்கள். உள்ளே வெள்ளிக்கிழமை மாலை தாய்மார் விளக்கேற்றுகிறார்கள். பயம் இருக்கிறது, ஆனால் பயம் அவர்கள் விளக்கை அணைப்பதில்லை. சிறுபான்மையாக வாழும் நமக்கு இது புரியாததல்ல.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகப் போதித்தது: இயேசுவின் பாடுகளுக்காக அன்றைய யூதர் எல்லார் மேலும், இன்றைய யூதர் மேலும் பழி சுமத்தக் கூடாது. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமைத் தொழுகைக்கூடத்துக்குச் சென்று, யூதர்களை நம் மூத்த சகோதரர்கள் என்றார்.

எனவே இந்தத் தவக்காலத்தில் ஒன்று செய்வோம். பாஸ்கா நாடக வசனத்தை ஒருமுறை படித்துப் பார்ப்போம். ஓர் இனத்தையே பழிக்கும் வரி இருந்தால் அதை நீக்குவோம். செல்பேசியில் வரும் வெறுப்புச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம்.

அந்தச் சிறுவன் மீண்டும் கேட்டால் இப்படிச் சொல்வோம்: "இல்லை தம்பி, நம் எல்லாருடைய பாவமும்தான். இயேசு யூதர். அவருடைய அம்மா மரியாவும் யூதப் பெண்தான்."

ஆண்டவர் நம் நாவைக் காப்பாராக. ஆமென்.