எழுதிய ஏடு நூலாகும் வழி

(வெள்ளி விழாவையொட்டிய இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் கூடிய போதெல்லாம் படிப்பதைப் பற்றியே பெரிதும் பேசினோம். பள்ளியில் சேர்ப்பது, விடுதியில் இடம் பெறுவது, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, வேலை தேடுவது ஆகியவையே நம் கவலைகளாக இருந்தன. அக்கவலைகள் இன்றும் தீரவில்லை. எனினும், படித்தவர் எழுதுவதைப் பற்றியும் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது. கவிதை எழுதிய குறிப்பேடும், பாதியில் நிற்கும் நாவலும், பாட்டி சொன்ன கதைகளின் தொகுப்பும் நம் இளைஞர் பலரின் பெட்டிக்குள் உறங்குகின்றன. அவை வெளிவராமைக்குத் திறமைக் குறைவு காரணமன்று. அச்சுக்குச் செல்லும் வழியை நமக்குச் சொல்வார் இல்லை என்பதே காரணம். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பதிப்பாளரையோ பத்திரிகை ஆசிரியரையோ அறிந்த மாமா ஒருவர் இருப்பார். நமக்கு அத்தகைய மாமன்மார் இல்லை.

வழி தெரியாத நிலையிலும் வழி சமைத்தவர்கள் நம் முன்னோர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அது 'தமிழன்' எனப் பெயர் மாறிற்று. 1914இல் பண்டிதர் மறைந்தார். அவருடைய எழுத்துகள் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்னும் பெயரில் ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பெற்று 1999 முதல் வெளிவந்தன. பழைய இதழ்களைக் காத்து வைத்தவர்கள் இருந்தமையால் அன்றோ இது இயன்றது? காப்பார் இல்லாமல் கரையானுக்கு இரையான ஏடுகள் எத்தனையோ! கடல் கடந்த யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில் செய்த டொமினிக் ஜீவா, 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்திக் காட்டினார். பின்னர் இங்கே பூமணியின் 'பிறகு' 1979இலும், சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இலும், பாமாவின் 'கருக்கு' 1992இலும், இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இலும் வெளிவந்தன. இவை ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாளரின் முதல் நாவலாகவோ முதல் நூலாகவோ அமைந்தவை என்பதை இளைஞர்கள் மனத்தில் இருத்தவேண்டும்.

இனி, நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் வினாவுக்கு வருவோம்: "நூல் வெளியிட இலக்கிய முகவர் வேண்டுமாமே, அவரை எங்கே காண்பது?" முகவர் முறை இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வேரூன்றியது. எழுத்தாளரின் பிரதியைப் பதிப்பாளரிடம் கொண்டு சென்று, விலை பேசி, ஒப்பந்தத்தைச் சரிபார்த்து, எழுத்தாளருக்கு வரும் தொகையில் ஒரு பங்கைப் பெறுவது முகவரின் தொழில். அப்பங்கு இன்று பெரும்பாலும் நூற்றுக்கு 15 ஆகும். ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கும், தம் தமிழ் நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்படும் நிலை அடைந்தோர்க்கும் அம்முறை பயன்படும். தமிழ்ப் பதிப்புலகிலோ அவ்வழக்கம் வேரூன்றவில்லை. எழுத்தாளரே பதிப்பாளரை நேரில் அணுகுகிறார். எனவே முகவர் கிடைக்கவில்லையே என்று எவரும் ஏங்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்: உண்மையான முகவர் நூல் விற்ற பின்பே தம் பங்கைப் பெறுவார். முன்பணம் கேட்பவர் முகவர் அல்லர்.

முதற்படி, இதழ்களில் எழுதுவது. 'காலச்சுவடு', 'நீலம்' போன்ற மாத இதழ்களும் சிற்றிதழ்களும் புதியவர்களின் படைப்புகளைக் கேட்கின்றன. நான்கு கதைகள் இதழ்களில் வந்துவிட்டால், ஐந்தாவது கதையுடன் தொகுப்பையும் எடுத்துக்கொண்டு பதிப்பாளரிடம் செல்லும்போது நாம் அறிமுகமற்றவர் அல்லோம்.

இரண்டாம் படி, பதிப்பாளரைத் தேர்ந்தெடுப்பது. நாம் விரும்பிப் படித்த நூல்களின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, நம் எழுத்துக்கு ஒத்த நூல்களை எவர் வெளியிடுகிறார் எனக் குறித்துக்கொள்ளுதல் நலம். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி இதற்கு ஏற்ற இடம். அங்கே கடை கடையாகச் சென்று பாருங்கள். ஆனால் விற்பனை நெருக்கடியில் நிற்பவரிடம் பிரதியைத் திணிக்க வேண்டா. முகவரியைப் பெற்று வந்து, பின்னர் முறையாக எழுதுங்கள்.

மூன்றாம் படி, பிரதியைச் செம்மை செய்வது. யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பக்க எண் இட்டு, ஒரு பக்க அளவில் அறிமுகக் கடிதம் இணைத்து அனுப்பவேண்டும். நூல் எதைப் பற்றியது, எத்தனை பக்கம், முன்னர் எங்கெங்கே எழுதியுள்ளோம் என்னும் மூன்று செய்திகள் அக்கடிதத்திற்குப் போதும். நம் வறுமையைச் சொல்லி இரக்கம் தேடும் கடிதம் வேண்டா. நூலின் தகுதியே பேசட்டும். ஒரு பிரதி எப்போதும் நம் கையில் இருத்தல் இன்றியமையாதது.

பதிப்பாளர் திருத்தம் கேட்டால் என் செய்வது? இதுதான் நம்மவர்க்கு நேரும் பெருஞ்சோதனை. அண்ணல் அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்கென ஓர் உரையை எழுதினார். அழைத்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். அவர் இணங்கவில்லை, கூட்டம் நடைபெறவில்லை. அவ்வுரையை அவரே அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' என நாம் அறியும் அந்நூலின் முதற்பதிப்பு 1,500 படிகள் இரண்டே மாதங்களில் தீர்ந்தன. விரைவிலேயே தமிழிலும் பெயர்க்கப்பெற்றது.

இதனால் எந்தத் திருத்தத்தையும் ஏற்கலாகாது என்று பொருள் கொள்ள வேண்டா. கதை நீள்கிறது, இந்தப் பாத்திரம் தெளிவாக இல்லை, இந்த அத்தியாயம் முன்னே வரவேண்டும் என்று ஆசிரியர் சொன்னால் காது கொடுத்துக் கேட்கவேண்டும். அவை எழுத்தை வளர்ப்பன. ஆனால், "இந்தச் சேரிப் பேச்சை மாற்றுங்கள், இந்தக் கொடுமை வாசகர் மனத்தை உறுத்தும்" என்று ஒருவர் சொன்னால், நாம் பணிவுடன் மறுக்கவேண்டும். பாமா தம் ஊர்ப் பேச்சிலேயே 'கருக்கு' நூலை எழுதினார். அந்நூல் 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திற்குச் சென்றது. கலைக்காகச் சொல்லப்படும் திருத்தம் எது, நம் வாழ்வை மறைப்பதற்காகச் சொல்லப்படும் திருத்தம் எது எனப் பிரித்தறிவதே எழுத்தாளரின் கல்வி.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையொப்பம் இடாதீர்கள். பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலம் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரே அப்படைப்பின் முதல் உரிமையாளர். பதிவு செய்தால்தான் உரிமை உண்டு என்பதில்லை. அவ்வுரிமை ஆசிரியர் வாழ்நாளிலும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நிலைக்கும். உரிமையை மாற்றித் தருவது எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்கப்படாவிடில் அது ஐந்து ஆண்டுகள் எனக் கொள்ளப்படும். இடம் குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் எனக் கொள்ளப்படும். ஆகவே "அனைத்து உரிமைகளும், எக்காலத்திற்கும்" என்று எழுதியிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். மொழிபெயர்ப்பு உரிமையையும் திரைப்பட உரிமையையும் தனியே பேசுங்கள். உரிமைத் தொகை பெரும்பாலும் விலையில் நூற்றுக்கு 10 என்னும் அளவில் பேசப்படுகிறது. 200 ரூபாய் விலையுள்ள நூல் 500 படிகள் விற்றால் ஆசிரியருக்கு 10,000 ரூபாய். இதை அறிந்தால், எழுத்தை நம்பி வேலையை விடும் துணிச்சல் எவர்க்கும் வாராது.

இதற்கு மாறாக, ஆசிரியரிடமே பணம் பெற்று அச்சிட்டுத் தருவோர் பெருகியுள்ளனர். அது அச்சுத் தொழில். பதிப்புத் தொழில் அன்று. விற்பனை செய்யும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. உதவித்தொகையையும் தாயின் கம்மலையும் அதில் போட்டு, கட்டிலுக்கடியில் நூற்கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் இளைஞர்கள் உண்டு. சொந்தமாக வெளியிடுவது இழிவன்று. அண்ணலே அதைச் செய்தார். ஆனால் செலவையும் விற்பனை வழியையும் கணக்கிட்டுச் செய்யவேண்டும். தமிழ் வளர்ச்சித் துறையும் ஆதிதிராவிடர் நலத் துறையும் நூல் வெளியிட நிதியுதவி வழங்கி வந்துள்ளன. அவற்றின் அறிவிப்புகளைத் தவறாது கவனியுங்கள். நூல் வந்தபின் ஒரு படி கன்னிமாரா நூலகத்தைச் சேர்ந்ததா எனவும் பாருங்கள். நூறாண்டு கழித்துத் தேடுவார்க்கு அது கிடைக்கவேண்டும்.

நிறைவாகச் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். முகவர் இல்லாத மொழியில் நம் சங்கமே முகவராக நிற்கட்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதுவோர் கூடித் தத்தம் எழுத்தைப் படித்துக் காட்டட்டும். எந்தப் பிரதி எவருக்கு, எந்நாளில் அனுப்பப்பட்டது எனக் குறிக்கும் பதிவேடு ஒன்று இருக்கட்டும். நம்மிடையே உள்ள வழக்கறிஞர்கள் ஒப்பந்தங்களைக் கட்டணமின்றிப் படித்துச் சொல்லட்டும். வெளிவரும் ஒவ்வொரு நூலிலும் பத்துப் படிகளைச் சங்கம் விலை கொடுத்து வாங்கட்டும். நம் நூலை நாமே இலவசமாகக் கேட்கும் வழக்கம் ஒழியவேண்டும்.

நம்மைப் பற்றிப் பிறர் எழுதியவை நூலகங்களில் நிறைய உள்ளன. அவற்றுள் பலவற்றில் நாம் பெயரற்றவர்களாகவே வருகிறோம். நம் பெரியோர் ஒவ்வொருவராக மறைந்து கொண்டிருக்கின்றனர். அவர்கள் கண்டதும் பட்டதும் அவர்களோடு மண்ணுக்குள் போகலாகாது. இளைஞர்களே, பெட்டியைத் திறந்து குறிப்பேட்டை எடுத்து வாருங்கள். வரும் ஞாயிறன்றே படிப்போம்.