ஆம்புலன்ஸ் படிப்பின் நுழைவாயில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆம்புலன்ஸ் பணிக்குப் பயிற்சி பெற விரும்பும் மாணவரிடம் எதிர்பார்க்கப்படும் கல்வித் தகுதி, மருத்துவம் சார்ந்த ஏனைய படிப்புகளோடு ஒப்பிட்டால், வியப்பூட்டும் அளவுக்குக் குறைவானது. பெரும்பாலான பயிற்சி நிலையங்கள் 18 வயது நிறைவையும், உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சியையும், நின்றுபோன இதயத்தையும் மூச்சையும் மார்பை அழுத்தியும் காற்றூட்டியும் மீட்க முயலும் சிபிஆர் என்ற முதலுதவியில் பெற்ற சான்றையும் கேட்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. பள்ளி மதிப்பெண்களைக் காட்டிலும் அவை கண்டிப்பாகப் பார்ப்பது வேறு சில தாள்களை: ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை போன்ற நோய்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான பதிவு, காசநோய்ச் சோதனையின் முடிவு, போதைப்பொருள் சோதனையின் முடிவு, குற்றப் பின்னணி பற்றிய விசாரணை அறிக்கை. சேர்ந்த சில வாரங்களிலேயே மாணவர் நோயாளியின் மூச்சுக்காற்று படும் தொலைவில் வேலை செய்ய வேண்டியிருப்பதும், நினைவிழந்து கிடப்பவரின் உடலும் உடைமையும் வண்டிக்குள் அவர் பொறுப்பில் விடப்படுவதும் இந்தக் கண்டிப்புக்குக் காரணங்கள்.

பணியில் நான்கு படிநிலைகள் உண்டு. முதலில் சம்பவ இடத்துக்கு விரைந்து அடிப்படை உதவி செய்யும் முதல்நிலை உதவியாளர், அடுத்து, இ.எம்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவசரகால மருத்துவ நுட்புநர். அவருக்கு மேல் உயர்நிலை இ.எம்.டி.; எல்லோருக்கும் மேலே பாராமெடிக். இவர்களுள் ஆம்புலன்ஸ் சேவையின் முதுகெலும்பு என்று சொல்லத்தக்கவர் இ.எம்.டி.தான். குருதிப்பெருக்கை நிறுத்துதல், எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டுதல், பிராணவாயு கொடுத்தல், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் தானியங்கிக் கருவியைப் பயன்படுத்துதல், வழியிலேயே பிரசவம் நேர்ந்தால் குழந்தையை ஏந்துதல் ஆகியவை அவர் கற்கும் பாடங்களில் அடங்கும். இவை அனைத்துக்குமான பயிற்சி, மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறினாலும், ஏறத்தாழ 150 மணி நேரம்; அதாவது ஒரு கல்லூரிப் பருவத்துக்குள் முடிந்துவிடும் படிப்பு. பாராமெடிக்கின் நிலை வேறு. குருதி நாளத்தில் மருந்து ஏற்றவும், மூச்சுக்குழாயில் குழல் செலுத்தவும், இதய மின்வரைபடத்தைப் படித்து அந்த இடத்திலேயே முடிவெடுக்கவும் உரிமை பெறும் அவர், முதலில் இ.எம்.டி.யாகத் தேறி, பல நிலையங்களில் உடற்கூறு, உடலியங்கியல் பாடங்களையும் முடித்த பிறகே சேர்த்துக்கொள்ளப்பட்டு, 1,000 மணி நேரத்துக்கும் மேலாக வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஓடும் வண்டியிலும் பயில்கிறார்.

வாசலில் நெகிழ்ச்சி காட்டும் இந்த ஏற்பாடு வெளியேறும் இடத்தில் இறுக்கம் காட்டுகிறது. படிப்பை முடித்தவர் 1970இல் நிறுவப்பட்ட தேசியப் பதிவு அமைப்பின் தேர்வை எழுத வேண்டும் என்பதே பெரும்பாலான மாநிலங்களின் விதி. இ.எம்.டி.க்கான இந்தக் கணினித் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. ஒரு விடையின் சரி தவறைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினியே கூட்டிக் குறைத்து, எழுதுபவரின் திறமையைப் பற்றி ஐயமின்றி முடிவுசெய்ய இயலும் இடத்தில் தேர்வை நிறுத்திவிடுகிறது. தேர்வில் வெல்பவருக்குக் கிடைப்பது திறமைக்கான சான்று மட்டுமே. வண்டியில் ஏறிப் பணிசெய்யும் உரிமத்தை மாநில அரசுதான் தர வேண்டும். அந்தச் சான்றும் இரண்டே ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், தொடர் பயிற்சியும் புதுப்பித்தலும் பணிக்காலம் முழுவதும் ஓய்வதில்லை.

இந்தப் படிப்புகளின் பாடத்திட்டத்தைத் தேசிய அளவில் வகுத்தது சுகாதாரத் துறையாக இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மையில் அதைச் செய்தது போக்குவரத்துத் துறை. 1966இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, முந்தைய ஆண்டில் மட்டும் விபத்துகளால் 1,07,000 பேர் இறந்ததை எடுத்துக்காட்டி, அதை நவீன சமூகம் கண்டுகொள்ளாத நோய் என்று வருணித்தது. ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை அப்போது நடத்தியவர்கள் இறுதிச் சடங்கு நிறுவனத்தார். படுத்த நிலையில் ஓர் உடலைக் கொண்டுசெல்லும் நீளமான வண்டி அவர்களிடம் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி தேவைப்படவில்லை. உயிர் பிழைத்தால் நோயாளி, பிழைக்காவிட்டால் வாடிக்கையாளர் என்ற அந்த நிலை இன்று நகைப்புக்கு இடம் தரலாம். அன்று அதுவே வழக்கம். அதே ஆண்டில் இயற்றப்பட்ட நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம், சாலை விபத்தைத் தடுப்பதோடு அடிபட்டவரைக் காப்பதையும் சேர்த்துப் பார்த்ததால், ஆம்புலன்ஸ் பயிற்சி போக்குவரத்துத் துறையின் பொறுப்பாயிற்று.

யாரைப் பயிற்சிக்குச் சேர்க்கலாம் என்ற கேள்விக்கு வரலாற்றில் கிடைத்த மிகத் துணிச்சலான விடை பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வந்தது. அங்கு நோயாளிகளைக் காவல்துறை வண்டியில் ஏற்றிப்போவதே நடைமுறையாக இருந்தது. அந்நகரம் அமைந்த பென்சில்வேனியா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் 1966 நவம்பரில் ஒரு கூட்டத்தில் மயங்கி விழுந்து, பின்னர் மருத்துவமனையில் இறந்தார். வழியில் முறையான சிகிச்சை கிடைக்காததே அவர் மூளைக்குச் சேதம் விளைவித்தது என்று மருத்துவர்கள் கருதினர். சிபிஆர் முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரும் மயக்கமருந்து இயல் வல்லுநருமான பீட்டர் சாஃபர் அதே ஊரில் பணியாற்றினார். மருத்துவரல்லாத சாதாரண மனிதருக்கும் உயிர்காக்கும் சிகிச்சையைக் கற்பிக்க முடியும் என்று நம்பிய அவர், 1967இல் ஒரு தொண்டு நிறுவனத்தோடும் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற கறுப்பின மக்களின் அமைப்போடும் சேர்ந்து, ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற வறிய பகுதியில் வாழ்ந்த கறுப்பின இளைஞர்களை ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவைக்கான பயிற்சிக்கு எடுத்தார். அவர்களில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் இருந்தனர்; வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும், முன்பு காவல்துறை வழக்கில் சிக்கியவர்களும் இருந்தனர்; வேலைக்குத் தகாதவர்கள் என்று நகரத்தார் ஒதுக்கிவைத்திருந்தவர்கள் பலர்.

அவர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி ஏறத்தாழ 300 மணி நேரம். உடற்கூறியல் தொடங்கி அறுவை அரங்கிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் நேரடியாகப் பழகுவது வரை நீண்ட அந்தப் படிப்பு, அடுத்த சில ஆண்டுகளில் தேசிய அளவில் வந்த முதல் இ.எம்.டி. பாடத்திட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்டது. எதிர்பார்ப்பை வாசலில் வைக்காமல் பாடத்தில் வைத்ததே சாஃபரின் உண்மையான கண்டுபிடிப்பு என்று கூறுவது மிகையாகாது. பின்னாளில் அந்தச் சேவையின் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்ற நான்சி கரோலின், அங்கே பெற்ற அனுபவத்தைக் கொண்டு பாராமெடிக் பயிற்சிக்கான தேசியப் பாடத்திட்டத்தை எழுதினார். அவர் பெயரைத் தாங்கிய பாடநூல் புதிய பதிப்புகளில் இன்றும் வகுப்பறைகளில் பயன்படுகிறது.

1975இல் நகராட்சி தனது சொந்த ஆம்புலன்ஸ் துறையைத் தொடங்கியபோது ஃப்ரீடம் ஹவுஸ் சேவை மூடப்பட்டது. அதன் ஊழியர்கள் புதிய துறைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாலும், புதிய தேர்வுகளும் பழைய வழக்குப் பதிவுகளும் காரணமாகக் காட்டப்பட்டுப் பலர் வெளியேற்றப்பட்டனர். எஞ்சியவர்களில் சிலர், தம்மைவிட அனுபவம் குறைந்தவர்களுக்குக் கீழே பணியமர்த்தப்பட்டனர். நாட்டுக்கே பாடத்திட்டம் தந்தவர்கள் அந்தப் பாடத்திட்டத்தின் பெயரால் எழுப்பப்பட்ட வாசலில் தடுக்கப்பட்டார்கள். தகுதி விதி என்பது எக்காலத்திலும் தூய கல்விப் பிரச்சினையாக மட்டும் இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

தகுதி பற்றிய இந்த விவாதம் இன்று வேறு வடிவில் தொடர்கிறது. 2013 முதல், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் படித்தவர் மட்டுமே தேசிய அமைப்பின் பாராமெடிக் தேர்வை எழுத முடியும் என்று விதிக்கப்பட்டதால், தரம் உயர்ந்தது என்பாரும், சிற்றூர்களில் இருந்த சிறு பயிற்சி நிலையங்கள் நசிந்தன என்பாரும் உள்ளனர். பாராமெடிக்குகளுக்குக் இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டம் கட்டாயம் என்று ஆரிகன் மாநிலம் முன்னரே விதித்துவிட்டது. இதை நாடு முழுவதற்கும் விரிவாக்க வேண்டும் என்று பயிற்றுநர்களின் அமைப்புகள் கோர, பல ஊர்களில் ஆம்புலன்ஸையும் இயக்கும் தீயணைப்புத் துறையினரின் அமைப்புகள் எதிர்க்கின்றன. செவிலியருக்கு நிகரான மதிப்பும் ஊதியமும் பட்டம் இல்லாமல் கிட்டாது என்பது முன்னவர் வாதம். ஊரகப் பகுதிகளில் ஊதியமின்றித் தொண்டாக ஆம்புலன்ஸ் ஓட்டும் உழவரும் ஆசிரியரும் கடைக்காரரும் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்புக்கு எங்கே போவார்கள் என்பது பின்னவர் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது; ஆனால் ஊதியம் உயராமல் தகுதியை மட்டும் உயர்த்தும் திட்டம் வண்டிகளை ஆளின்றி நிறுத்திவைப்பதில் முடியும் என்ற அச்சத்தைப் பட்டம் கோருவோர் இன்னும் போக்கவில்லை.

வாசலை அகலமாக்கும் முயற்சியும் சில நகரங்களில் நடக்கிறது. மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரத் தீயணைப்புத் துறை, குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் கொடுத்து இ.எம்.டி. படிப்பை நடத்துகிறது, ஏனெனில், படிக்கும் மாதங்களில் வேலையை விட்டால் வீட்டு வாடகைக்கு வழியில்லை என்பதே அங்கு பலருக்கு, எந்தத் தகுதி விதியிலும் எழுதப்படாத, உண்மையான தடையாக இருந்துவருகிறது.