சங்கிலியும் வளைவும்

(ஆசிரியர்கள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இந்த மேஜைமேல் நிற்கும் மர வளைவைப் பாருங்கள். பதினேழு கட்டைகள்; ஆணியுமில்லை, கோந்துமில்லை. ஆயினும் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று பிள்ளை கேட்டால், "அது அப்படித்தான்" என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். ஆனால் பிள்ளையின் புத்திக்கு அன்றே பூட்டுப் போட்டவர்களாவோம்.

ஒரு சங்கிலியை இரண்டு ஆணிகளில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியை இழுக்கிறதேயொழிய வேறொன்றும் செய்வதில்லை. அந்த வளைவை வரைந்து தலைகீழாகத் திருப்பினால், இழுப்பெல்லாம் அழுத்தமாகிவிடுகிறது. கட்டை தாங்குவது அழுத்தந்தானே! இந்தச் சங்கதியை இங்கிலாந்து தேசத்து ராபர்ட் ஹூக் 1675-ல் எழுத்துக்களைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். அவர் இறந்த பின், 1705-ல்தான் விடை அச்சாயிற்று.

சங்கிலியின் வளைவு பரவளைவோடு ஏறக்குறையப் பொருந்தும் என்று கலிலியோ 1638-ல் எழுதினார். பெரியவர் சொன்னாரென்று மற்றவர்கள் அந்த "ஏறக்குறைய"வோடு நின்றுவிடவில்லை. லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் 1691-ல் அதன் சரியான கணக்கைக் கண்டு சொன்னார்கள்.

நிற்க, செய்முறை இதுதான். வரைந்த கோட்டுக்கு இருபுறமும் சம கனம் விட்டு, கோட்டுக்கு நேர் குறுக்காகக் கட்டைகளை அறுங்கள். படுக்கவைத்த பலகைமேல் வரிசையாக அடுக்கி, இரண்டு அடிகளும் விலகாதபடி முட்டுக் கொடுத்து, பலகையோடு மெள்ள நிமிர்த்திப் பலகையை எடுத்துவிடுங்கள். பிறகு அரைவட்டமாகவும் ஒன்று செய்யுங்கள். கனம் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையானால் அது விழுந்தே தீரும்.

இது வெறும் விளையாட்டன்று. ரோமாபுரியில் புனித பேதுரு கோயிலின் குவிமாடம் வெடிப்புக் கண்டபோது, போப்பே கணித நிபுணர்களைத்தான் அழைத்தார். அவர்களில் ஒருவரான போலேனி, கல்லின் பாரத்துக்கேற்ற குண்டுகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். தலைகீழாக்கிய அக்கோடு சுவரின் கனத்துக்குள்ளேயே அடங்கிற்று. 1748-ல் அவர் நூல் வெளிவந்தது. இரும்பு வளையங்களும் பூட்டினார்கள். இன்றும் ஜனங்கள் பயமின்றி அதன் கீழ் நடக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, பிள்ளைகள் தங்கள் கையாலேயே கட்டட்டும், விழுந்தால் விழட்டும், ஏன் விழுந்தது என்று அவர்களே தேடட்டும். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சங்கிலி எந்தக் கடையிலும் கிடைக்கும். தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.