குளிர்காலப் பட்டறையும் கணப்பும்



எங்கள் குரும்பலூரில் மார்கழிக் குளிர் ஒரு போர்வைக்கும் ஒரு குவளைச் சுக்குக் காப்பிக்கும் அடங்கிவிடும். வீட்டை அடுத்த கொட்டகையில் மரவேலை செய்வோர் எவரும் அதனைச் சூடாக்குவது பற்றி இங்கே எண்ணுவதில்லை. ஆனால் உங்களுள் பலர் நாளை உதகைக்கோ, தில்லிக்கோ, கனடாவின் டொராண்டோவுக்கோ செல்லக்கூடியவர்கள். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஜனவரி இரவுகளிலே புல்வெளிமீது உறைபனி படியும். டொராண்டோவிலோ கார் நிறுத்தும் கொட்டகையையே பட்டறையாக்கிக் கொள்வோர் உண்டு. அத்தகைய குளிரில் விரல் விறைத்து உளி பிடிபடாது. பசையும் செவ்வனே இறுகாது.

குளிருக்கு நெருப்பை நாடுவது நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, அகன்ற வாயையுடைய தடவு என்னும் கணப்புச் சட்டியைக் குறிப்பிடுகிறது. காஷ்மீரத்தார் பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி பொருத்திய காங்கிரியை மேலங்கிக்குள்ளேயே வைத்துக் கொள்வர். நன்கு கனன்ற கரியில் புகை இராது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. விறகு எரிந்தால் கண் கரித்து நாமே வெளியே ஓடிவிடுவோம். கரியோ நம்மை இருத்தி வைக்கும்.

கரி எரியும்போது காற்று போதிய அளவு கிடைத்தால் பெரும்பாலும் கரியமிலவாயு உண்டாகும். காற்று குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு மிகுதியாகும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் உறுதியாக இதனைப் பற்றிக்கொள்ளும். குருதியிலிருந்து பிராணவாயுவை இது வெளியேற்றிவிடுவதை 1857-இல் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டு விளக்கினார். இங்கிலாந்துச் சுரங்கங்களில் இதனை அறிய 1986 வரை கேனரி என்னும் சிறு பறவையைக் கூண்டில் எடுத்துச் சென்றனர்.

கொடைக்கானலிலும் நீலகிரியிலும் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தாழிட்டு உறங்கியவர்கள் விடியலில் எழாமற்போனது உண்டு. இன்று அதற்குப் பார்பிக்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மாறியதால் வாயு மாறிவிடாது. மூடிய கொட்டகைக்குள் காரின் இயந்திரத்தை ஓடவிட்டாலும் இதே வாயுதான் வெளிவரும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை முதற்குறிகள். கண்டவுடன் வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தூய பிராணவாயு அளித்தால், சாதாரணக் காற்றில் பல மணிநேரம் பிடிக்கும் மீட்சி வெகுவாக விரைவுபடும்.

இதில் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். குளிர் புகாதிருக்க இடுக்குகளை எவ்வளவு நன்றாக அடைக்கிறோமோ, அவ்வளவுக்கு உள்ளே எரியும் நெருப்பு கொடியதாகிறது. புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாயுடைய அடுப்புக்கும் காற்று உள்ளே வர வழி வேண்டும். குழாயில்லாத மண்ணெண்ணெய் அடுப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கும். அது குளிர்ந்த இரும்புக் கருவிகள்மீது படிந்து துருவேற்றும்.

எனவே சிறு பட்டறைக்கு மின்கணப்பே ஏற்றது என்பது என் கருத்து. 2,000 வாட் கணப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குரிய 6 ஆம்பியர்ச் செருகியில் அதனை மாட்டலாகாது. ஐந்து மணிநேரம் ஓடினால் பத்து யூனிட் செலவு. கட்டணம் செலுத்தும் தந்தையாரை நினைத்துக் கொள்ளுங்கள்!

சூடேறிய காற்று மேலெழுந்து தகரக் கூரையை அடைந்துவிடும். கால்கள் குளிர்ந்தே கிடக்கும். ஆதலால் அறை முழுவதையும் சூடாக்க முயலாமல், கதிர்வீச்சால் வெப்பம் தரும் கணப்பைத் தொழில் செய்பவரை நோக்கி வைப்பது சிக்கனம். சிமெண்டுத் தரையில் ஒரு பலகையிட்டு அதன்மேல் நின்றால் பாதத்தின் வெப்பம் தரைக்குக் கடத்தப்படுவது குறையும். மரத்தூளும் வார்னிஷும் சிவந்த கம்பிச்சுருளுக்கு அருகே இருத்தலாகாது. மாலையில் தூளைப் பெருக்கி அகற்றி, செருகியைக் கழற்றிய பின்னரே கதவைப் பூட்டவேண்டும்.