நீல மலர்ச் சால்வியா



பிழைப்பு நாடித் தலைநகருக்கு வரும் தமிழர்களாகிய நாம், ஊர்ப் பஞ்சாங்கத்தையும் உடன் கொண்டுவந்து விடுகிறோம். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது நம் ஊருக்கு உற்ற மூதுரை. தில்லியில் முதலாண்டு அதனை நம்பிப் பூவிதை தூவினோம். பருவமழையில் நாற்றுகள் அழுகின. ஊரிலிருந்து ரயிலில் கொணர்ந்த துளசியும் தைக் குளிரில் கருகியது. ‘இந்த மண் நமக்கு ஆகாது’ என்று சோர்ந்தோம். குற்றம் மண்ணினுடையதன்று, பருவம் அறியாத நம்முடையதே.

அதனை எமக்கு உணர்த்தியது நீலச் சால்வியா. இது துளசியின் குடும்பத்துச் செடி. நாற்கோணத் தண்டும், எதிரெதிர் இலையும், ஈருதட்டுப் பூவும் அவ்வுறவைக் காட்டும். ஆயினும் இதன் தாயகம் மெக்சிகோவும் டெக்சாஸும் ஆகும். ஆக, இதுவும் நம்மைப் போல் குடியேறியதே. தண்டில் மாவு பூசினாற்போல் வெண்மை படர்ந்திருப்பதால் ‘ஃபரினேசியா’ என்று பெயர் பெற்றது.

ஒன்றரை அடிக்கு மேல் வளராத குட்டை வகையே தொட்டிக்கு ஏற்றது. விதைக்கும் காலம் புரட்டாசி. விதையின்மேல் மெல்லிய மணற்படலம் போதும். இரு வாரங்களில் முளைக்கும். நாலைந்து இலை விட்டதும், இரு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய சாண எரு கலந்த தொட்டியில் நடுக. நான்கு விரற்கடை உயர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். எரு மிகுந்தால் இலை தழைக்கும், பூ குறையும். பனிமூட்ட நாட்களில் மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் வார்க்க வேண்டும். மாடியாயினும் முற்றமாயினும் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் இன்றியமையாதது; நிழலில் செடி நெடுத்துச் சாயும்.

மாசியில் நீலக் கதிர்கள் நிமிரும். தேனீக்கள் நாடி வரும். வாடிய கதிர்களை வெட்டிவர, சித்திரை வரையிலும் பூக்கும். அக்கினி வெயிலில் செடி தளருமுன், சில கதிர்களை முற்றவிட்டு விதை சேர்த்துக் கொள்க.

உத்தியோகத்தில் மாற்றல் உத்தரவு எந்நாளும் வரலாம். தொட்டிகளை அண்டை வீட்டாருக்கு அளிக்க நேரும். விதையோ ஓர் உறையில் அடங்கும். ஆனால் புதிய ஊரில் அதனைத் தூவுமுன், அவ்வூரின் பட்டம் எதுவென்று அவ்வூர்த் தோட்டக்காரரிடம் கேட்டறிவோமாக.