வளையங்களைக் குறுக்கே வெட்டிய பட்டை

நம் கவனத்துக்குரியது, சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்களான ராபர்ட் பார்க்கும் எர்னெஸ்ட் பர்ஜஸும் 1925இல் வெளியிட்ட ‘நகரம்’ என்னும் நூலில் உள்ள ஒரு வரைபடம். நடுவே ‘லூப்’ எனப்படும் வணிக மையம், அதைச் சுற்றிப் புதிதாக வந்திறங்கிய குடியேறிகள் நெருக்கியடித்து வாழும் மாறுநிலைப் பகுதி, அப்பால் தொழிலாளர் வீடுகள், பின்னர் வசதி படைத்தோர் குடியிருப்பு, கடைசியில் நாள்தோறும் ரயிலேறி வேலைக்கு வருவோரின் புறநகர் என ஐந்து வளையங்களாக நகரம் விரிகிறது என்றார் பர்ஜஸ். (கிழக்கே மிச்சிகன் ஏரி இருப்பதால் வளையங்களில் ஏறக்குறையப் பாதி தண்ணீருக்குள் போய்விடுவது வேறு கதை.)

மக்கள் ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு நகர்வதை விளக்கப் பார்க்கும் பர்ஜஸும் தாவரச் சூழலியலிலிருந்து ‘ஊடுருவல்’, ‘வழிமாற்றம்’ ஆகிய கருத்துகளைக் கடன் வாங்கினர்; ஒரு செடியினம் புகுந்த இடத்தில் முன்பிருந்த இனம் அருகுவதைப் போலவே மக்கட்குழுக்களும் இடம் மாறுகின்றன என்பது அவற்றின் சாரம். ஆயினும் அதே வரைபடத்தில், கறுப்பின மக்கள் வாழ்ந்த தெற்குப் பகுதி வளையங்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒடுங்கிய பட்டையாகக் கிடக்கிறது. கோட்பாட்டின்படி, வருவாய் உயர உயர அவர்களும் வெளிவளையங்களுக்குப் பரவியிருக்க வேண்டும். ஆனால் வெள்ளையர் தெருக்களில் அவர்கள் குடிபுகுந்த வீடுகள்மீது விழுந்த வெடிகுண்டுகளும், 1919ஆம் ஆண்டுச் சிகாகோ இனக்கலவரமும், கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை என்று வீட்டுக்காரர்கள் பத்திரத்திலேயே எழுதிக்கொண்ட நிபந்தனைகளும் அவர்களை அந்தப் பட்டைக்குள்ளேயே நிறுத்தின. இவற்றில் எதுவும் செடிகொடிகளின் இயல்பன்று.

கோட்பாடு நூலோடு நின்றிருந்தால் கேடு குறைவு. சிகாகோவில் பயின்ற ஹோமர் ஹாய்ட், 1933இல் எழுதிய நிலமதிப்பு ஆய்வில், மக்களினங்களை நிலமதிப்புக்கு உகந்தவை முதல் ஊறு செய்பவை வரை வரிசைப்படுத்தினார். மறு ஆண்டே, வீட்டுக்கடனுக்கு அரசு சார்பில் காப்புறுதி வழங்கும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தில் பொருளியலாளராகச் சேர்ந்தார். அந்நிர்வாகத்தின் 1938ஆம் ஆண்டுக் கையேடு, இன அடிப்படையிலான பத்திர நிபந்தனைகளை வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. இருப்பதை விவரிப்பதாகச் சொல்லிக்கொண்ட சிந்தனைமுறை, இவ்வாறு யாருக்குக் கடன் கிடைக்கும் என்பதை முடிவுசெய்யும் அலுவலக விதியாக மாறியது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான்.

வேறு விதமாகச் சிந்திக்க அக்காலத்தில் வழியில்லை என்ற சமாதானம் செல்லாது. பர்ஜஸுக்கு 26 ஆண்டுகள் முன்பே, 1899இல், கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ், ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வட்டத்தில் வீடுவீடாகச் சென்று விசாரித்து, ஒவ்வொரு கறுப்பினக் குடும்பத்தின் சமூக நிலையையும் மனைவாரியாக வண்ணமிட்ட வரைபடத்துடன் தம் ஆய்வை வெளியிட்டிருந்தார். உயர்ந்த வாடகையையும் மறுக்கப்பட்ட வேலைகளையும் அவர் மனிதர் செய்த வேலையாகவே பதிவு செய்தார். அவருக்கு அந்நகரப் பல்கலைக்கழகம் கொடுத்தது பெயரளவிலான ஒரு சிறு பதவி; நகரச் சமூகவியலின் தொடக்கம் என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்ததோ சிகாகோவை. நகரவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் பர்ஜஸின் வளையங்களைக் கரும்பலகையில் வரையும் நாளில், டுபாய்ஸின் வரைபடத்தையும் அருகிலேயே மாட்டி, இரண்டையும் சேர்த்து மாணவரைப் படிக்கச் செய்ய வேண்டும்.