இறுதி இராவுணவும் கைபேசியில் வந்த ரகசியமும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒன்பதாம் வகுப்பில் மறுமலர்ச்சிக் காலப் பாடம் நடத்தும்போது ஏறக்குறைய எல்லா ஆண்டும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. லியொனார்டோ டாவின்சியின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தைத் திரையில் போட்டதும் யாராவது எழுந்து, “டீச்சர், இயேசுவுக்குப் பக்கத்துல இருக்கறது ஒரு பொண்ணுதானே? சர்ச் அதை மறைச்சிருச்சாமே?” என்பார்கள். எல்லாம் கைபேசியில் பார்த்த காணொளிதான்.

அதே வகுப்பில் கிறித்தவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேள்வி வந்ததும் அவர்கள் முகம் வாடும். “அதெல்லாம் பொய், உட்காரு” என்று அதட்டினால், ஏதோ ரகசியம் இருக்கத்தான் செய்கிறது என்று கேட்டவன் முடிவு கட்டிவிடுவான். “இருக்கலாம்” என்று நழுவினால், ஒரு பிள்ளையின் நம்பிக்கையை ஆதாரமே இல்லாமல் சீண்டிய பழி நம்மைச் சேரும். எனவே ஓவியத்தையே முன்னால் வைத்துப் பேசிவிடுவது என் வழக்கம்.

இந்தக் கதையை உலகம் முழுக்கப் பரப்பியது 2003இல் வந்த டான் பிரவுனின் ‘தி டாவின்சி கோட்’ நாவல். 2006இல் அது திரைப்படமானபோது நம் மாநிலத்திலும் தடை விதிக்கப்பட்டு, பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது சிலருக்கு நினைவிருக்கும்.

அந்த உருவம் யோவான். சீடர்களில் இளையவர் என்பதால் அவரைத் தாடி மீசை இல்லாத இளைஞராக வரைவது இத்தாலிய ஓவியர்களின் வழக்கம். லியொனார்டோவுக்கு முன்பே ஃபிளாரன்ஸில் காஸ்டாஞோவும் கிர்லாண்டாயோவும் அப்படித்தான் வரைந்தார்கள். ‘யாருடையது என்றே தெரியாத கத்தி பிடித்த கை’ என்று காணொளிகள் காட்டுவது பேதுருவின் கை. அதற்காக லியொனார்டோ வரைந்து பார்த்த ஒத்திகைப் படம் இங்கிலாந்தின் வின்ட்சர் அரண்மனைச் சேகரிப்பில் இருக்கிறது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1495 முதல் 1498 வரை மிலான் நகரில் துறவியர் உணவுக்கூடச் சுவரில் வரையப்பட்ட படம் அது. ஈரச் சுண்ணாம்பில் வரையும் வழக்கமான முறையை விட்டு, உலர்ந்த சுவரில் வரைந்ததால் சில பத்தாண்டுகளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1652இல் அந்தச் சுவரில் வாசல் வைத்தபோது இயேசுவின் பாதங்கள் போயின. 1943இல் குண்டுவீச்சில் கூடமே இடிந்தும் மணல் மூட்டை அடுக்கிக் காத்த இந்தச் சுவர் தப்பியது. கடைசிச் சீரமைப்பு 1978இல் தொடங்கி 1999இல்தான் முடிந்தது. இவ்வளவு பட்ட படத்தில் ஒரு கன்னத்தின் மென்மையை வைத்துச் சதியைக் கண்டுபிடிப்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஓவியத்துக்கும் திருச்சபைக்கும் இடையே மோதலே நடக்கவில்லை என்று சொல்லிவிடவும் கூடாது. உண்மையிலேயே நடந்த வழக்கு ஒன்று இருக்கிறது. காணொளிகளைவிட அது சுவையானது.

வெனிஸ் நகரில் டொமினிக்கன் துறவியர் மடத்து உணவுக்கூடத்தில் டிஷியன் வரைந்த இறுதி இராவுணவுப் படம் 1571இல் தீயில் அழிந்தது. அந்த இடத்துக்குப் புதிதாக வரைந்தவர் பாவ்லோ வெரோனிசே. ஏறத்தாழ 13 மீட்டர் அகலம், ஐந்தரை மீட்டர் உயரம். நடுவில் இயேசுவும் சீடர்களும். சுற்றிலும் ஒரு பெரிய வீட்டு விருந்துக் கும்பல். கையில் கிளியோடு ஒரு கோமாளி, மூக்கில் ரத்தம் வடியும் வேலையாள், பல் குத்திக்கொண்டிருக்கும் ஒரு சீடர், ஆயுதம் தாங்கிய ஜெர்மானிய வீரர்கள், ஒரு நாய்.

1573 ஜூலை 18 அன்று சமய விசாரணை மன்றம் ஓவியரை அழைத்தது. கேள்வி பதில்கள் அப்படியே பதிவாகி இன்றும் கிடைக்கின்றன. அந்த இரவு உணவில் உண்மையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். இயேசுவும் சீடர்களும்தான் என்று ஒப்புக்கொண்டார் வெரோனிசே. பிறகு கோமாளி எதற்கு? ஜெர்மானியர் எதற்கு? படத்தில் இடம் மிஞ்சினால் உருவங்களால் நிரப்புவேன், கவிஞர்களும் பித்தர்களும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஓவியர்களும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஜெர்மனி அப்போது லூதரின் மண். அங்கே திருச்சபையைக் கேலி செய்யும் படங்கள் வரைகிறார்களே, தெரியாதா என்று மன்றம் மடக்கியது. கவனியுங்கள், இங்கே மறைபொருளைத் தேடியது நீதிபதிகள். அப்படி ஒன்றும் இல்லை என்று சாதித்தவர் ஓவியர்.

சொந்தச் செலவில் மூன்று மாதத்துக்குள் படத்தைத் திருத்தும்படி உத்தரவாயிற்று. வெரோனிசே பெயரை மாற்றினார். ‘லேவியின் வீட்டு விருந்து’ என்று லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைக் குறித்துப் படத்திலேயே எழுதிவிட்டார். வரிவசூலிப்பவரான லேவி தந்த விருந்தில் எல்லா வகை மனிதரும் இருந்தார்கள் அல்லவா! கிளியும் கோமாளியும் அங்கே தாராளமாக இருக்கலாம். நீதிபதிகளை உறுத்திய அந்த நாயும் இன்றுவரை படத்தில் உட்கார்ந்திருக்கிறது.

விசாரணையில் வெரோனிசே தமக்குத் துணையாக மைக்கேலாஞ்சலோவை இழுத்தார். சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஆடையில்லா உருவங்களை அவர் வரையவில்லையா என்றார். இறுதித் தீர்ப்பு நாளில் ஆடை ஏது, அது வேறு என்றது மன்றம். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1565இல், அந்த உருவங்களுக்குத் துணி வரைய தானியேலே டா வோல்தெர்ரா அமர்த்தப்பட்டிருந்தார். ‘கால்சட்டைக்காரர்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது, பாவம்.

ஒளிந்திருக்கும் பொருள் என்பதே கட்டுக்கதையா என்றால், இல்லை. அதே ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தில் பர்த்தலமேயு கையில் தொங்கும் உரித்த தோலில் இருப்பது மைக்கேலாஞ்சலோவின் முகம் என்று 1920களில் ஓர் இத்தாலிய மருத்துவர் எழுதினார். இன்று கலை வரலாற்றாளர் பலர் அதை ஏற்கிறார்கள். அவருடைய மற்ற உருவப்படங்களோடு அது ஒத்துப்போகிறது; தன் தோலைக் கொடுப்பதைப் பற்றி அவரே கவிதையும் எழுதியிருக்கிறார். 1990இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் ‘ஆதாமின் படைப்பு’ ஓவியத்தில் கடவுளைச் சூழ்ந்த போர்வை மனித மூளையின் வடிவம் என்று மருத்துவ இதழில் எழுதினார். மைக்கேலாஞ்சலோ பிணங்களை அறுத்து உடலமைப்பு கற்றவர் என்பதால் இதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. ஆனால் வடிவ ஒற்றுமைக்கு அப்பால் சான்று இல்லை. பிள்ளைகளிடம் இதை ‘இருக்கலாம்’ பெட்டியில் போடச் சொல்கிறேன். தோல் முகம் ‘பெரும்பாலும் உண்மை’ பெட்டிக்குப் போகும். யோவானைப் பெண் என்பது எந்தப் பெட்டிக்கு என்று இப்போது அவர்களே சொல்லிவிடுகிறார்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது, கூட வேறு என்ன சான்று என்று கேட்கப் பழகிவிட்டால் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதே இல்லை.

வெரோனிசே விசாரணையை வகுப்பில் நடித்தும் பார்க்கலாம். நான்கு நீதிபதிகள், ஓர் ஓவியர், ஓர் எழுத்தர் போதும். ஒரு பாடவேளைக்குள் முடியும். படத்தை ஏ4 தாளில் அச்சிட்டால் முகங்கள் தெரியாது. ஹைடெக் ஆய்வகத் திரையில் பெரிதாகப் போடுங்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வழக்கையெல்லாம் விட்டுவிட்டுக் கிளி எங்கே, நாய் எங்கே என்று தேடச் சொன்னாலே போதும். பெரிய வகுப்பைவிட அவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.